ஒரே சமையல்தான்... அவருக்கு மூன்று கிலோ, எனக்கு அரை கிலோவா?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் ஒரே நாளில் டயட் ஆரம்பித்தோம். ராத்திரி பரோட்டா, சால்னாவை நிறுத்தியாச்சு. மதியம் சோறு குறைவு. கீரை, காய், முட்டை, சுண்டல் அதிகம். காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறோம். பத்து நாளில் அவருக்கு மூன்று கிலோ இறங்கிவிட்டது, எனக்கு அரை கிலோதான். அவர் 94 கிலோ, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நான் 66. என் உடம்பில் ஏதாவது கோளாறா?
- வாசகி, மதுரை

பதில்: கோளாறு என்று நினைத்து தயவுசெய்து சாப்பாட்டை இன்னும் குறைத்துவிடாதீர்கள், அந்தப் பயத்தில்தான் நிறைய பெண்கள் பட்டினி கிடந்து மூன்றாவது வாரமே எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். மூன்று கிலோவும் கொழுப்பு என்றால் பத்து நாளில் 23,000 கலோரிக்கு மேல், அதாவது தினமும் 2,300; அதற்கு அவர் கிட்டத்தட்ட பச்சைத் தண்ணீரில்தான் இருந்திருக்க வேண்டும். அவருக்கு இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர். நாம் சாப்பிடும் சோறு, மைதாவில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜனாக ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கும், பெரியவர்களுக்கு மொத்தம் அரை கிலோ அளவுக்கு. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் கிளைகோஜன் செலவாகிறது, கூடவே அந்தத் தண்ணீரும் சிறுநீராகப் போய்விடுகிறது. அப்புறம் சால்னா, ஊறுகாய், அப்பளத்தில் இருந்த உப்பு குறைந்தால் அது பிடித்து வைத்த நீரும் இறங்கும். தசை அதிகம் உள்ள, முன்பு பரோட்டாவும் சோறும் கூடுதலாகச் சாப்பிட்டவருக்கு இது நன்றாகவே தெரியும். தவிர, 94 கிலோ உடம்பைச் சுமந்து தெப்பக்குளத்தைச் சுற்ற உங்களைவிட அவருக்கு அதிக கலோரி செலவாகிறது.

உங்கள் கணக்கு வேறு. அரை கிலோ என்பது நாளுக்கு 385 கலோரி குறைத்ததற்குச் சமம், அது நீங்கள் செய்திருக்கும் மாற்றத்துக்குப் பொருந்துகிற அளவுதான், அதனால் உங்களுக்கு இறங்கியதில் பெரும்பங்கு கொழுப்பாகவே இருக்கலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ நீர் கோத்துக்கொள்வதும் சகஜம், அந்த நேரத்தில் தராசில் ஏறினால் இறங்கியது மறைந்துபோகும். போன மாத விலக்கு முடிந்த வாரத்தையும் இந்த மாதம் அதே வாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, வெறும் வயிற்றில். இடுப்பையும் டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள்.

எப்போதும் அசதி, முடி கொட்டுவது, மலச்சிக்கல், விலக்கு தள்ளிப்போவது இருந்தால் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் இப்படியே தொடரலாம். அவருக்கும் இன்னும் சில வாரத்தில் இந்த வேகம் குறையும், அப்போது அவர் சோர்ந்துவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கவலை உங்களைப் பற்றி இல்லை, அவரைப் பற்றித்தான். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். நடக்கும்போது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். இந்த வாரமே மாத்திரைச் சீட்டோடு அவருடைய டாக்டரைப் பார்த்து, சாப்பாட்டை மாற்றியிருப்பதைச் சொல்லி, அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். அவராக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.