சட்டம் இருக்கிறது, உங்கள் கம்பெனித் திட்டத்துக்கு அது பொருந்துமா?

தங்கைக்கு,

கோயம்புத்தூரிலிருந்து கலிபோர்னியாவின் சன்னிவேல் வந்து எட்டு மாதம் ஆகிறது, மூன்றரை வயது மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், வாரம் 25 மணி நேரம் ஏ.பி.ஏ. என்ற நடத்தைப் பயிற்சி வேண்டும் என்றார், இன்சூரன்ஸ்காரர்களோ "உங்கள் திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கு இடமில்லை" என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். "கலிபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது என்கிறார்களே அக்கா, பிறகு எப்படி மறுக்க முடியும்? டெக்சஸில் ஒரு வேலை வருகிறது, அங்கே போய்விடலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மாநிலம் மாறுவதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் கணவரை இன்றைக்கே எச்.ஆர். ஆட்களுக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: "நம் மருத்துவத் திட்டம் செல்ஃப் ஃபண்டடா, ஃபுல்லி இன்ஷூர்டா?" மற்ற எல்லாம் இதற்கு வரும் பதிலைப் பொறுத்தது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் நான் ஒன்றரை வருடம் வீணாக்கினேன்.

என் மகன் 2007இல் பிறந்தான். இரண்டரை வயதில் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. "அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினான்" என்று மாமியார் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. 2010இல் ஆட்டிசம் என்று தெரிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி, "இது கல்வி, மருத்துவம் அல்ல, பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள்" என்றது. அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம், "நாங்கள் தருவது இவ்வளவுதான்" என்றது. இரண்டு பேருக்கும் நடுவில் நாங்கள் கைக்காசைப் போட்டு வாரம் எட்டு மணி நேரம் பயிற்சி வாங்கினோம். ஊரில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மாடி அப்படியே நின்றுபோனது.

2011 அக்டோபரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் எஸ்.பி. 946 என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். 2012 ஜூலை 1 முதல் ஆட்டிசத்துக்கான நடத்தைப் பயிற்சிக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஆனது. அன்று வீட்டில் கேசரி கிண்டினேன். ஜூலை மூன்றாம் வாரம் மறுபடி மறுப்புக் கடிதம் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தால், எடுத்த பெண் மிகப் பொறுமையாகச் சொன்னாள்: "உங்கள் திட்டம் செல்ஃப் ஃபண்டட். மாநிலச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது."

அதன் அர்த்தம் இதுதான். உங்கள் அட்டையில் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் பல பெரிய கம்பெனிகளில் அது வெறும் கணக்குப்பிள்ளை. கிளெய்மைப் பார்ப்பது, கடிதம் போடுவது மட்டும்தான் அதன் வேலை. பணம் உங்கள் கணவரின் முதலாளியுடையது. அப்படி முதலாளியே பணம் போட்டு நடத்தும் திட்டம் செல்ஃப் ஃபண்டட். எரிசா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 1974ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தின்படி, இந்தத் திட்டங்களை மாநில இன்சூரன்ஸ் சட்டங்கள் தொட முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பிரீமியம் கட்டி வாங்கிய திட்டம் ஃபுல்லி இன்ஷூர்ட். மாநிலச் சட்டம் அதற்கு மட்டும்தான். இந்த நாட்டில் வேலை வழியாக இன்சூரன்ஸ் பெறுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முதல் வகையில் இருக்கிறார்கள். சட்டம் வந்தது என்று செய்தியில் படித்துவிட்டு, நமக்கு ஏன் வரவில்லை என்று திகைக்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

டெக்சஸுக்குப் போனால் சரியாகிவிடுமா என்றால், இதனால்தான் இல்லை என்கிறேன். 2001இல் இண்டியானா தொடங்கி வைத்தது. 2019இல் டென்னசியும் சேர்ந்தபோது ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் ஆட்டிசம் இன்சூரன்ஸ் விதி வந்துவிட்டது. டெக்சஸிலும் 2007 முதல் இருக்கிறது. அங்கே பத்து வயதுக்குள் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. கலிபோர்னியச் சட்டத்தில் வயது வரம்பும் இல்லை, வருடத்துக்கு இத்தனை டாலர்தான் என்ற உச்சவரம்பும் இல்லை. புதிய கம்பெனியும் செல்ஃப் ஃபண்டட் என்றால் எந்த மாநிலத்துக்குப் போனாலும் கதை ஒன்றுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. கன்சல்டிங் கம்பெனியில் இருப்பவர்கள் ஒரு மாநிலத்தில் குடியிருப்பார்கள், கம்பெனியின் பாலிசி வேறு மாநிலத்தில் எடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் பாலிசி எழுதப்பட்ட மாநிலத்தின் சட்டம்தான் செல்லும். ஆகவே வேலை மாறுவதற்கு முன், சம்பளம் பேசும்போதே திட்டத்தின் முழு ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நம் ஆட்கள் போனஸுக்கு நாலு முறை பேரம் பேசுவார்கள். இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

ஃபுல்லி இன்ஷூர்ட் என்று பதில் வந்தால் உங்கள் வழி எளிது. மறுப்பை எதிர்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குள்ளேயே முதலில் அப்பீல் செய்யுங்கள். அது தோற்றால் மாநில ஒழுங்குமுறைத் துறையிடம் சுதந்திர மருத்துவ மறுஆய்வு கேளுங்கள். கட்டணம் கிடையாது, வெளி மருத்துவர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள், அது இன்சூரன்ஸ் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 2021 ஜனவரி முதல் நடப்பில் உள்ள எஸ்.பி. 855 இன்னொரு பிடியையும் கொடுத்திருக்கிறது: மருத்துவத் தேவையை இன்சூரன்ஸ்காரர்கள் தாங்களே எழுதிக்கொண்ட அளவுகோலால் முடிவு செய்யக் கூடாது, துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட நெறிகளின்படி செய்ய வேண்டும். நெட்வொர்க்கில், அதாவது அவர்களோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில், ஆள் இல்லை என்று கைவிரித்தால், வெளியே ஏற்பாடு செய்து கொடுக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. உங்களிடம் நெட்வொர்க் கட்டணம்தான் வாங்கலாம். "காத்திருப்போர் பட்டியல் எட்டு மாதம்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

செல்ஃப் ஃபண்டட் என்றாலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. 2008இல் வந்த மத்திய மனநலச் சமத்துவச் சட்டம் பெரிய கம்பெனிகளின் செல்ஃப் ஃபண்டட் திட்டங்களையும் கட்டுப்படுத்தும். மனநலச் சிகிச்சை கொடுத்தே ஆகவேண்டும் என்று அது சொல்வதில்லை; கொடுத்தால் உடல்நோய்க்கு இல்லாத தடையை அதற்குப் போடாதே என்கிறது. ஆட்டிசத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டு, அதற்கு டாக்டர்கள் எழுதித் தரும் முக்கியப் பயிற்சியை மட்டும் வெளியே தள்ளுவது இந்தச் சட்டத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். மத்தியத் தொழிலாளர் துறை 2022இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே ஏ.பி.ஏ. விலக்கை இப்படிப்பட்ட மீறல்களில் ஒன்றாகச் சுட்டியிருக்கிறது. 2021 முதல், தடை போடும் திட்டம் அந்தத் தடையை உடல்நோய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டு எழுதுங்கள். திட்ட ஆவணத்தையும் கேளுங்கள். கேட்டால் 30 நாளுக்குள் தரவேண்டும். இந்த இரண்டையும் கேட்கிற கடிதம் ஒன்று போனாலே எதிர்முனையில் பேசும் தொனி மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைவிட எங்களுக்குப் பலித்தது வேறொன்று. என் கணவரின் கம்பெனியில் இதே பிரச்சினையில் இருந்த இன்னும் மூன்று குடும்பங்களைக் கண்டுபிடித்தோம்; ஒரு குஜராத்தி, ஒரு சீனர், ஒரு அயர்லாந்துக்காரர். நான்கு பேரும் சேர்ந்து எச்.ஆர். தலைவரைப் பார்த்தார்கள். பணம் முதலாளியுடையது என்றால், சேர்க்கும் அதிகாரமும் அவருடையதுதானே? மைக்ரோசாஃப்ட் 2001இலேயே தன் திட்டத்தில் இதைத் தானாகச் சேர்த்தது என்பதையும் சொன்னார்கள். அடுத்த ஜனவரியில் எங்கள் திட்டத்திலும் வந்துவிட்டது. அதுவரைக்கும் நாங்கள் குறுக்குவழி ஒன்றைக் கவனிக்கவே இல்லை: அதே கம்பெனி, விருப்பத் தேர்வாக ஒரு எச்.எம்.ஓ. திட்டமும் (பட்டியலில் உள்ள மருத்துவர்களிடம் மட்டும் போகும் திட்டம்) கொடுத்தது. கலிபோர்னியாவில் எச்.எம்.ஓ. பெரும்பாலும் ஃபுல்லி இன்ஷூர்ட். அதற்கு மாறியிருந்தால் ஆறு மாதம் முன்னாலேயே பயிற்சி தொடங்கியிருக்கும். இலையுதிர் காலத்தில், திட்டத்தை மாற்றிக்கொள்ளும் ஓப்பன் என்ரோல்மென்ட் வரும்போது உங்களுக்கும் அப்படி ஒரு தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்சூரன்ஸ் ஒரு பக்கம் நடக்கட்டும். பள்ளி மாவட்டத்துக்கு இன்றே மதிப்பீடு கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். மூன்று வயது முடிந்த குழந்தைக்கு அது உரிமை, இலவசம், விசா எதுவென்று கேட்க மாட்டார்கள். வாயால் கேட்டால் கணக்கில் வராது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் ரீஜனல் சென்டருக்கும் விண்ணப்பியுங்கள். கலிபோர்னியாவின் லேன்டர்மன் சட்டத்தின்படி நடக்கும் அந்த மையங்களும் குடியுரிமை பார்ப்பதில்லை. அவர்கள் முதலில் கேட்பது இன்சூரன்ஸின் மறுப்புக் கடிதத்தைத்தான். ஆத்திரத்தில் அதைக் கிழித்துவிடாதீர்கள்.

25 மணி நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏ.பி.ஏ. வாங்கித் தருவதற்காகப் போராடியவள் நான்; ஆனால் எல்லாப் பயிற்சியும் நல்ல பயிற்சி அல்ல. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் பலர் இதைப் பற்றிக் கசப்பாகப் பேசுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று மட்டும் அதட்டுகிற இடமாக இருந்தால் மாற்றுங்கள். நாங்கள் ஒரு முறை மாற்றினோம். அறைக்குள் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத இடத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதில்லை. எனக்கு அப்படிச் சொன்னார்கள், நான் இரண்டு வருடம் அவனிடம் தமிழ் பேசாமல் இருந்தேன். இன்று அவனுக்கு என் அம்மாவோடு பேச முடியவில்லை.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், இரவில் தூக்கம் வருவதில்லை, யாரிடமும் சொல்லவில்லை என்று. கணவரைச் சார்ந்த எச்-4 விசாவில் வேலையும் இல்லாமல், காரும் ஓட்டத் தெரியாமல், ஊரில் அம்மாவிடமும் மறைத்துக்கொண்டு இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மகனுக்குப் பேசுகிற அதே சமத்துவச் சட்டம் உங்களுக்கும் பேசுகிறது. மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட திட்டம் என்றால், மனநல ஆலோசகருடன் அவசரமில்லாத சந்திப்பு கூட பத்து வேலை நாளுக்குள் கிடைக்க வேண்டும். 2022 ஜூலை முதல், தொடர் சந்திப்புக்கும் அதே கெடு. தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று கேளுங்கள், வீடியோவில் கிடைப்பார்கள். நான் போக ஆரம்பித்தது மகனுக்கு ஐந்து வயதானபோது. முதல் மூன்று சந்திப்பிலும் அழுதுகொண்டேதான் இருந்தேன், ஒவ்வொரு முறையும் கையிலிருந்து கட்டும் கோ-பே தண்டம் என்று கணவரிடம் சொன்னேன். நாலாவதில் பேசினேன்.

மறுப்புக் கடிதம் மார்ச் 9 அன்று கைக்கு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பீலுக்கு 180 நாள். செப்டம்பர் 5 வரை இருக்கிறது. ஆனாலும் இந்த மாதமே போடுங்கள். எச்.ஆர். பதிலை எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீமாண்ட் பக்கம் வந்தால் கடிதத்தை உட்கார்ந்து சேர்ந்தே எழுதிவிடலாம். பையனையும் கூட்டி வாருங்கள், என் மகனின் பழைய ரயில் பெட்டிகள் எல்லாம் பரணில்தான் இருக்கின்றன.