புது லென்ஸ் வாங்கும் முன் பழைய படங்களைத் திறந்து பாருங்கள்

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் 18-55 மி.மீ. லென்ஸுடன் கேமரா வாங்கினேன். இதுவரை ஆட்டோவில்தான் எடுக்கிறேன். வீட்டுக்குள் குழந்தையைப் படம் பிடித்தால் கலங்கலாக வருகிறது. கடையில் கேட்டால், "இந்த லென்ஸ் அப்படித்தான், வேறு வாங்குங்கள்" என்கிறார்கள். மாதச் சந்தா கட்டும் எடிட்டிங் மென்பொருளும் வேண்டுமாம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் உங்கள் படம் ஏன் கலங்குகிறது என்று அவர் பார்க்கவே இல்லையே!

சரியாக வராத படம் ஒன்றைக் கணினியில் திறந்து, அதன் விவரங்களைப் பாருங்கள். ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) மூன்றும் அதில் பதிவாகியிருக்கும். சுவரும் நாற்காலியும் தெளிவாக இருந்து, குழந்தை மட்டும் இழுபட்டுத் தெரிந்தால் குழந்தை அசைந்திருக்கிறது. அப்போது ஷட்டர் 1/30 நொடி போல மெதுவாக இருந்திருக்கும். எல்லாமே இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. முகம் மங்கி, பின்னால் உள்ள திரைச்சீலை துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. புள்ளி புள்ளியாக இருந்தால் ஐஎஸ்ஓ கூடியிருக்கிறது. நான்கையும் நாம் கலங்கல் என்றுதான் சொல்கிறோம், மருந்து மட்டும் வேறு வேறு.

அசைவுதான் காரணம் என்றால், மேலே உள்ள சக்கரத்தை, ஷட்டர் வேகத்தை நீங்களே தேர்ந்தெடுக்கும் 'எஸ்' அல்லது 'டிவி'க்குத் திருப்பி, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். அதே அறை, அதே விளக்கு. 1/60, 1/125, 1/250, 1/500 என்று மாற்றி மாற்றி எடுங்கள். ஷட்டர் வேகம் கூடக் கூட ஐஎஸ்ஓ ஏறும், புள்ளிகளும் கூடும். பயப்பட வேண்டாம். புள்ளி விழுந்த படத்தை ஓரளவு சரிசெய்யலாம். இழுபட்டுப் போன முகத்தை மீட்பது கடினம்.

இன்னொன்று. இந்த வகை லென்ஸ் பெரும்பாலும் 18-இல் எஃப்/3.5 வரை திறக்கும். 55-க்கு ஜூம் செய்தால் எஃப்/5.6 தான். எஃப் எண் கூடினால் திறப்பு சிறியது என்று பொருள். உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது! அதனால் ஜூம் செய்யாமல் நீங்களே இரண்டடி முன்னால் போங்கள். ரொம்ப நெருங்கினால் மூக்கு பெரிதாகத் தெரியும், அதை மட்டும் கவனியுங்கள்.

மென்பொருளுக்குச் சந்தா தேவையில்லை. டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். 'ரா' கோப்பாக, அதாவது சென்சார் பதிவு செய்த தரவைச் சேமிக்கும் கோப்பாக, எடுக்கத் தொடங்குங்கள். கேமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384. இருண்ட பகுதியைத் தூக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கோப்பு பெரிதாக இருப்பதால் மெமரி கார்டு ஒன்று கூடுதலாகத் தேவைப்படலாம், அந்தச் செலவு நியாயமானது. முதல் மாதம் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), கிராப் (ஓரங்களை வெட்டுவது) மூன்றைத் தவிர எதையும் தொடாதீர்கள். எல்லாப் படத்திலும் எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொண்டே இருக்கிறீர்களா? அப்படியானால் அடுத்த முறை கேமராவிலேயே எக்ஸ்போஷரைப் பிளஸ் 1 வைத்து எடுங்கள். வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாக வருவதற்கும் இதுவே தீர்வு. எடிட்டிங் எனக்குப் பிடித்திருப்பதே இதனால்தான், எடுக்கும்போது செய்த தவறை அது காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் ராத்திரியில் ஐஎஸ்ஓ 6400-ஐத் தொட்டு, அந்தப் புள்ளிகள் உங்களை உறுத்தினால், அப்போது எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள். எஃப்/5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் தரும். 35 மி.மீ.யா, 50 மி.மீ.யா என்று முடிவு செய்ய, இருக்கிற லென்ஸை ஒரு வாரம் 50-இலேயே வைத்து வீட்டுக்குள் எடுத்துப் பாருங்கள். பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டுகிறது என்றால், இன்னும் அகலமாகக் காட்டும் 35தான் உங்களுக்கு. அப்புறம், கடைக்குப் போகும்போது கேமராவையும் எடுத்துச் செல்லுங்கள். சில லென்ஸ்கள் சில கேமராக்களில் பொருந்தினாலும் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. மாட்டி, நாலு படம் எடுத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.