மெட்டு அம்மாவுடையது, பெயர் யாருடையது?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 27. சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். சென்னையில் ஐ.டி. வேலை. நானே எழுதி, மெட்டமைத்து, பாடி வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. குறிப்பாக, அம்மா மல்லாட்டை (வேர்க்கடலை) ஆயும்போது தானாகக் கட்டிப் பாடும் மெட்டில் செய்த பாட்டு. அதை ஒரு விளம்பரத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பணத்தில்தான் இரண்டாவது ஆல்பம் செய்தேன். ஒன்றரை வருட உழைப்பு. கேட்டவர்களோ 'மண்வாசனை போச்சு', 'சின்த்தைக் (சின்தசைசர்) கொட்டி வெச்சிருக்கான்' என்கிறார்கள். ஒருவர், 'முதல் ஆல்பத்துல அந்த ஒரு பாட்டு மட்டும் வேற யாரோ போட்ட மாதிரி இருந்துச்சு, அந்த ஆள் இதுல இல்ல' என்று எழுதிவிட்டார். தூக்கமே இல்லை. இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கின் இரண்டாவது ஆல்பத்தையும் அன்று யாரும் மதிக்கவில்லைதானே? அவரைப் போல மூன்றாவதை வெறும் கிட்டாரோடு செய்து இவர்கள் வாயை அடைக்கலாமா?

பதில்: தம்பி, 'நானே மெட்டமைத்து' என்று தொடங்குகிறீர்கள். அடுத்த மூச்சிலேயே 'அம்மா தானாகக் கட்டிப் பாடும் மெட்டு' என்கிறீர்கள். இரண்டில் எது உண்மை?

நீங்கள் அனுப்பிய சுட்டியில் போய் அந்தப் பாட்டைக் கேட்டேன். விவரங்களையும் திறந்து பார்த்தேன். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர் எல்லா இடத்திலும் ஒரே பெயர், உங்கள் பெயர். அம்மாவுக்கு 'நன்றி' என்றுகூட ஒரு வரி இல்லை. அந்த மெட்டு ஒவ்வொரு இரண்டு அடிக்கும் ஒருமுறை சட்டென்று நின்று, ஒரு நொடி விட்டு மறுபடி எடுக்கிறது. ஆய்ந்த செடியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த செடியை எடுக்கிற நேரம் அது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வேறு யாரோ போட்ட மாதிரி இருக்கிறது என்று சொன்னாரே, அவர் மேல் கோபப்பட உங்களுக்கு என்ன இருக்கிறது? அவர் காது சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் தூக்கம் போனதற்கும் அவர் சொன்னது பொய் என்பது காரணமில்லை.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. அம்மா பெயரில் இருந்த காலி மனையைச் சொல்லாமல் விற்ற மகன், அக்கா நகையை அடகு வைத்துக் கடை போட்ட தம்பி, எல்லோரும் எழுதுவது 'கடை சரியாக ஓடவில்லை, என்ன செய்யலாம்' என்றுதான். நகையைப் பற்றிப் போகிற போக்கில் அரை வரி இருக்கும். நம் வீடுகளில் பெற்றவளிடம் எடுப்பதற்குக் கேட்க வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. கேட்காமல் எடுத்தால் அது எடுத்ததுதான், மகன் எடுத்தாலும். விளம்பரப் பணம் எவ்வளவு வந்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா? தன் பாட்டு விளம்பரத்தில் வந்தது என்றாவது தெரியுமா? தெரியும் என்றால் ஒரு வார்த்தை எழுதியிருப்பீர்கள்.

நிக் டிரேக்கைத் துணைக்கு அழைக்கிறீர்கள். சரி, அவர் கதையை முழுதாகவே பார்ப்போம். 1971இல் வந்த அவருடைய இரண்டாவது ஆல்பமான 'பிரைட்டர் லேட்டர்' விற்கவில்லை என்பது உண்மை. அவர் இருந்தவரை மூன்று ஆல்பங்களில் ஒன்றுகூட ஐயாயிரம் பிரதியைத் தாண்டவில்லை. அந்த இரண்டாவதில் வயலின்கள், புல்லாங்குழல், டிரம்ஸ், பாடலே இல்லாத மூன்று இசைத் துண்டுகள் என்று நிறையவே இருக்கும். இன்றைக்கும் அது அழகு என்பவர்களும் உண்டு, அலங்காரம் அதிகம் என்பவர்களும் உண்டு. அடுத்ததைத் தனியாகச் செய்யப் போவதாக அவரே தயாரிப்பாளர் ஜோ பாய்டிடம் சொல்லியிருந்தார். அதன்படி இரண்டே இரவுகளில் குரலும் கிட்டாருமாக, ஒரு பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ சேர்த்து, அரை மணி நேரத்துக்கும் குறைவான 'பிங்க் மூன்' பதிவானது. யார் வாயையும் அடைக்க அல்ல. தனக்குள் கேட்டது அப்படி இருந்தது, அவ்வளவுதான். நீங்கள் வம்புக்குக் கிட்டாரைக் கையில் எடுத்தால் அதுவும் பாட்டில் கேட்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் அம்மா மாலி டிரேக்கும் பாட்டுக் கட்டுவார். டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்து வீட்டில் பியானோ முன்னால் உட்கார்ந்து அவர் பாடியதை 1950களில் கணவர் ராட்னி டேப்பில் பதிவு செய்து வைத்தார். மகன் 1974இல், 26 வயதில் போய்விட்டார். அம்மா 1993இல் காலமானார். அந்தப் பாட்டுகள் ஆல்பமாகப் பரவலாக வெளிவந்தது 2013இல்! கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். மகனுடைய இசையில் இருந்த அந்த மெல்லிய சோகத்தின் வேர் அங்கே இருந்தது. அம்மாவின் மெட்டை எடுத்துத் தன் பெயரில் போட்டார் என்று நிக் மேல் யாரும் சொன்னதில்லை. அந்த ஒப்பீட்டை நீங்கள் தொடாமல் இருப்பதே நல்லது. அந்த வீட்டில் அம்மாவின் பாட்டை டேப்பில் பிடித்து வைக்க ஒருவர் இருந்தார். உங்கள் வீட்டில் பிடித்தவர் நீங்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டீர்கள்.

'அம்மா எழுதி வைக்கவில்லையே, பாடியதுதானே' என்று சமாதானம் சொல்லாதீர்கள். 1957ஆம் ஆண்டின் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இசை காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது, 1994 திருத்தத்தோடு அது போயிற்று. அரசிடம் பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் இல்லை. படைத்தவர் 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அதே சட்டத்தின் 57ஆம் பிரிவில் தனியாகவே இருக்கிறது. ஊரே தலைமுறையாகப் பாடும் மெட்டு என்றால் 'நாட்டார் மெட்டு' என்று போட்டிருக்கலாம். நீங்களே சொல்கிறீர்கள், அது அவர் கட்டியது.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போங்கள். ஹெட்போனை அம்மா காதில் மாட்டி முழுப் பாட்டையும் கேட்க வையுங்கள். அவர் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாதீர்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். 'எனக்கு எதுக்குப்பா பேரு' என்பார். எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்வார்கள், அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கக் கூடாது. திரும்பி வந்ததும், பாட்டை ஏற்றிய விநியோக நிறுவனத்தின் கணக்கில் போய் இசையமைப்பாளர் என்ற கட்டத்தில் அவர் பெயரைப் போடுங்கள். விளம்பரப் பணத்தில் பாதியை அவர் வங்கிக் கணக்கில் கட்டுங்கள். சின்த்துக்குச் செலவாகிவிட்டது என்றால் மாதாமாதம் சம்பளத்திலிருந்து கட்டுங்கள், ஐ.டி. வேலைதானே. விளம்பரம் எடுத்தவர்களிடமும் திருத்தம் சொல்லுங்கள், வெட்கமாக இருந்தாலும்.

இரண்டாவது ஆல்பத்தில் நான்காவது பாட்டு எனக்குப் பிடித்தது. மற்றவை சுமார். மூன்றாவதில் கிட்டாரா சின்த்தா என்பதை, அம்மா பெயர் ஏறிய பிறகு கேளுங்கள், பேசலாம்.