கடைசிக்காலச் சிகிச்சை: முதியோர் கேட்கிறார்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 71. பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது பற்றி எங்கள் முதியோர் மன்றத்தில் பேசச் சொல்கிறார்கள். மருத்துவம் படிக்காத நான் பேசலாமா?

பதில்: தாராளமாக. மருத்துவர் முன்னால் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள், தங்களைப் போலவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆனால், "வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்" என்று யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள். வென்டிலேட்டர் என்றால் என்ன, குழாய் பொருத்தியவரால் ஏன் பேச முடிவதில்லை, அப்போது அவருக்காக யார் பேசுவது என்று விளக்குங்கள், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். சிகிச்சை பலன் தருமா என்பதை மருத்துவரும், எழுதியது சட்டப்படி செல்லுமா என்பதை வழக்கறிஞரும் சொல்லட்டும்.

கேள்வி: முதல் கூட்டத்திலேயே ஓர் அம்மா அழுதபடி எழுந்து போய்விட்டார். என் தவறா?

பதில்: அண்மையில் யாரையாவது பறிகொடுத்தவராக இருக்கலாம். "பாதியில் எழுந்து போகலாம், யாரும் காரணம் கேட்க மாட்டோம்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இருவராக நடத்தினால், ஒருவர் அவருடன் வெளியே போய் உட்காரலாம். மறுநாள் நலம் விசாரியுங்கள். இந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

கேள்வி: சொத்துக்கு உயில் எழுதிவிட்டேன். அது போதாதா?

பதில்: போதாது. அந்த உயில் நீங்கள் இறந்த பிறகுதான் பேசும். சிகிச்சை பற்றி எழுதிவைப்பதோ, நீங்கள் உயிரோடு இருந்தும் வாய் திறக்க முடியாதபோது பேச வேண்டியது.

கேள்வி: என் மனது என் மகனுக்குத் தெரியும். எதற்கு எழுத வேண்டும்?

பதில்: எல்லாரும் இப்படித்தான் நம்புகிறோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, நோயாளியின் விருப்பத்தை அவருக்காக முடிவெடுப்பவர்கள் சரியாகச் சொன்னது 68 சதவீதம்தான். ஒரு சோதனை செய்து பாருங்கள். "எனக்கு யாரையும் அடையாளம் தெரியாத நிலையில் நிமோனியா வந்தால், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா?" இதுபோல ஐந்து கேள்விகளுக்கு நீங்களும் மகனும் தனித்தனியே விடை எழுதி, தாளை மாற்றிக்கொள்ளுங்கள். நானும் என் மனைவியும் செய்தோம். இத்தனை ஆண்டு இல்லறத்துக்குப் பிறகும் எனக்கு இரண்டு தப்பு! அன்று மாலை முழுவதும் அதைப் பற்றித்தான் பேசினோம். படிவத்தைவிட அந்தப் பேச்சுதான் முக்கியம்.

கேள்வி: செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்றால், வலிக்குக்கூட மருந்து தராமல் விட்டுவிடுவார்களோ?

பதில்: கூட்டங்களில் அதிகம் வெளிப்படும் பயம் இதுதான். வலியையும் மூச்சுத்திணறலையும் தணிப்பது தனிச் சிகிச்சை. வேறு எதை மறுத்தாலும் அது தொடர வேண்டும். அதைச் சாகும் தறுவாயில்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 11.6 மாதங்கள், மற்றவர்களுக்கு 8.9.

கேள்வி: எழுதியதைப் பிறகு மாற்றலாமா?

பதில்: நினைவு தெளிவாக இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். புதியதைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது யாரும் சாவி தேட மாட்டார்கள்.