பள்ளத்தில் தேங்கும் பனி

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

நீலகிரியில் கேத்திப் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை, ஓடைக்கரையில். இந்த மார்கழியில் மூன்று ராத்திரி உறைபனி விழுந்து பாதிக்குமேல் கருகிவிட்டது. வீட்டுக்காரர் இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதமாகப் படுக்கையில். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கூட்டத்துக்கு வந்த ஓர் அக்கா, "மறைவான பாவம் ஏதாவது இருக்கும், அறிக்கை பண்ணுங்க" என்றார். மேட்டிலிருக்கும் அவர் தோட்டத்தில் ஓர் இலைகூடக் கருகவில்லை. அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான். "ஏன் ஆண்டவரே" என்பதற்குமேல் வாயில் வருவதில்லை. இது அவிசுவாசமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பனி. மேகமில்லாமல், காற்று அசையாமல் இருக்கும் ராத்திரியில் குளிர் கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் ஓடையோரப் புல் வெளுத்துக் கிடக்க மேடு பச்சையாக நிற்பது அதனால்தான். அந்த அக்காவின் தோட்டம் தப்பியது மேட்டில் இருப்பதால். பரிசுத்தத்துக்கு அதில் வேலை இல்லை.

சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார். மனந்திரும்புங்கள் என்றும் சொன்னார், ஆனால் உயிரோடு நின்று கேட்டவர்களிடம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டத்தில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களுடைய பாவக்கணக்கையும் அந்த அக்கா பார்ப்பாரா?

எல்லாம் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்தது அவர்கள்மேல். அத்தனை அதிகாரம் புலம்பித் தீர்த்த யோபுதான் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசினான் என்றார்.

88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று அப்படியே நின்றுவிடும். சாட்சி சொல்லும் நேரத்தில் இதை யாரும் எடுத்து நான் கேட்டதில்லை. ஆனால் வேதத்தில் இருக்கிறது, கர்த்தாவே என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. உங்கள் "ஏன் ஆண்டவரே"யிலும் "ஆண்டவரே" இருக்கிறதே. விசுவாசம் போனவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

கிளையை வெட்டிக் கவாத்து செய்தால்தான் செடி தழைக்கும் என்று ஓர் உவமை நாக்கு நுனிவரை வருகிறது. தேயிலைக்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, விடுங்கள்.

வீட்டுக்காரர் நிலைமையை ஆயரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை அந்த அக்கா வந்தால் சண்டை வேண்டாம். மிச்சமிருக்கும் செடிகளை மூட நாலு கட்டு மிலார்க் கொப்பு வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். தை பிறந்தாலும் பனி விடாது.