கொழும்பு போர்டிங்கை விட்டு லயத்துக்கே திரும்பி வேலை செய்யலாமா?

கேள்வி: நான் 26 வயதுப் பெண். சொந்த ஊர் மலையகத்தில் நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். கொழும்பில் இங்கிலாந்து நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் நாலு வருஷமாக வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 95,000 ரூபாய். போர்டிங், சாப்பாடு, பஸ் என்று மாதம் 35,000 போய்விடுகிறது. இப்போது கம்பனி, ‘இனி வீட்டில் இருந்தே வேலை செய்யுங்கள், மாதம் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் வந்தால் போதும்’ என்கிறது. 8,000 ரூபாய் போக்குவரத்துப் படி நின்றுவிடும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அம்மா கொழுந்து எடுக்கப் போகிறார், தம்பி ஏ.எல். படிக்கிறான். எங்களுடையது இரண்டு காம்பரா (அறை) உள்ள லயன் வீடு, தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒன்று. போகலாமா? தம்பிக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு ஆன்லைன் வேலை வந்திருக்கிறது: வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, முதலில் 5,000 ரூபாய் வைப்புச் செய்ய வேண்டுமாம். அதில் அவனைச் சேர்க்கலாமா? கம்பனி தந்த கடிதத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

போகலாம். ஆனால் அந்தக் கடிதம் இப்போது இருக்கிறபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடிதத்தின் இரண்டாவது பந்தியில், அடுத்த மாதம் முதல் நீங்கள் ‘சுயாதீன சேவை வழங்குநர்’ என்று ஒரு வரி இருக்கிறது. வெறும் பேப்பர் வேலைதான் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை. இன்று நீங்கள் ஊழியர். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, கம்பனி தன் பங்காக 12 சதவீதம் போட்டு ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதியில் கட்டுகிறது. ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 சதவீதம் முழுக்கக் கம்பனியின் காசு. 95,000க்குக் கணக்குப் பார்த்தால் கம்பனி உங்களுக்காகக் கட்டுவது 11,400உம் 2,850உம், ஆக மாதம் 14,250 ரூபாய். சேவை வழங்குநர் ஆனதும் இது நின்றுவிடும். உங்களிடம் பிடிக்கிற 7,600ஐயும் பிடிக்கமாட்டார்கள் என்பதால் கைக்கு வரும் தொகை கூடினதுபோலத் தெரியும். அது உங்களுடைய சேமிப்புத்தான், சம்பள உயர்வு இல்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம் தர வேண்டும். உங்களுக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வருஷத்தில் 2,37,500 ரூபாய்க்கு உரிமை வரும் நேரத்தில் வேலையின் பெயரையே மாற்றச் சொல்கிறார்கள். தற்செயலாகக்கூட இருக்கலாம், கம்பனியைக் குற்றம் சொல்ல வரவில்லை. நட்டம் உங்களுக்கு என்பதில் மாற்றம் இல்லை. 84 நாள் பிரசவ விடுமுறை, வாரம் 45 மணி நேர வரம்பு, அதற்கு மேல் செய்தால் ஓவர்டைம் எல்லாம் ஊழியராக இருக்கும்வரைதான்.

வீட்டில் உட்கார்ந்து வேலை செய்வதால் ஒருவர் ஊழியர் இல்லாமல் போய்விடுவதில்லை. வேலை செய்யும் இடம் மட்டும்தான் மாறுகிறது. ஆகவே மேனேஜருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘வீட்டில் இருந்து வேலை செய்ய எனக்குச் சம்மதம். என் நியமனக் கடிதம் அப்படியே இருக்கட்டும், வேலை செய்யும் இடத்தை மட்டும் மாற்றி ஓர் இணைப்புக் கடிதம் தாருங்கள்.’ மறுத்தால், கையெழுத்துக்கு முன்னால் இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்பதைவிட அது எவ்வளவோ லேசு.

கடிதத்தில் அந்தச் ‘சேவை வழங்குநர்’ என்ற வரி நீங்கிவிட்டால் கணக்கு உங்கள் பக்கம். 35,000 மிச்சம், 8,000 படி நட்டம், மீதி 27,000. அதில் இன்டர்நெட், கரண்ட் பில், மாதம் ஒருமுறை கொழும்பு போய் இரண்டு நாள் தங்கிவருகிற செலவு கழியும். அப்படியும் நல்ல தொகை. அப்பாவை டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு நீங்களே கூட்டிப் போகலாம். இங்கிலாந்து நேரத்து வேலை என்பதால் காலைப்பொழுது உங்கள் கையில் இருக்கிறது.

சரி, இனி வீட்டுக்குள் வருவோம். கஷ்டமான பகுதி இதுதான்.

வீட்டிலிருந்து வேலை செய்தால் வேலை நன்றாக நடக்கும் என்று சொல்கிறவர்கள் அடிக்கடி காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. சீனாவின் சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கலஸ் ப்ளூமும் கூட்டாளிகளும் நடத்தியது. 2015இல் வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். எல்லாரும் இந்த 13ஐத்தான் சொல்வார்கள். அந்தச் சோதனையில் சேர்வதற்கே, வீட்டில் தனி அறையும் பிராட்பேண்ட் இணைப்பும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்ததை யாரும் சொல்வதில்லை. அந்தக் கூடுதலில் ஒரு பகுதி வந்ததே சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்ததால்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அப்பா படுத்திருக்க, தம்பி பாடம் படிக்க, பக்கத்து வீட்டு டீவி சுவரைத் தாண்டிக் கேட்க, நீங்கள் லண்டன்காரரோடு வட் வரி பேசினால் அந்த 13 சதவீதம் உங்களுக்குப் பொருந்தாது.

எனவே முதல் செலவு மேசைக்கோ நாற்காலிக்கோ இல்லை, கதவுக்கு. இஸ்தோப்பை (முன் திண்ணையை) மறைத்து ஒரு சின்ன அறையாக்க முடியுமா என்று பாருங்கள். லயன் கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதால் பலகை அடிப்பதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இடிக்கச் சொன்னால் வேலையும் நிற்கும். அது சரிவராவிட்டால், பக்கத்தில் தனி வீடு கட்டிக் குடியேறிய சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் ஓர் அறையை வாடகை பேசியே எடுங்கள். சும்மா தந்த அறையைச் சும்மாவே திருப்பிக் கேட்பார்கள். நோர்வூட் டவுனில் அறை எடுப்பது பகல் வேலைக்காரருக்கு நல்ல வழி. உங்களுக்கு ஒத்துவராது. இங்கிலாந்தில் காலை 9 முதல் மாலை 5 என்பது நமக்கு, அங்கே கோடையில் பகல் 1.30 முதல் இரவு 9.30, குளிர்காலத்தில் 2.30 முதல் 10.30. அந்த நேரத்தில் டவுனில் இருந்து தோட்டத்துக்கு ஆட்டோ பிடித்து, மீதித் தூரம் தேயிலைக்கு நடுவே நடக்க முடியுமா? சிறுத்தை நடமாட்டம் உள்ள பக்கம் வேறு.

வயரிங்கைப் பார்க்காமல் எதையும் ப்ளக்கில் மாட்டாதீர்கள். பழைய லயங்களில் ஒரே வயரில் இருந்து பல வீடுகளுக்கு இழுத்திருப்பார்கள். மின் ஒழுக்கால் லயங்கள் எரிந்த செய்தி நமக்குப் புதிதில்லை. தெரிந்த மின்சார வேலைக்காரரைக் கூப்பிட்டு, உங்கள் மேசைக்கு எர்த்தும் ட்ரிப் சுவிட்ச்சும் உள்ள தனி லைன் போடச் சொல்லுங்கள்.

இன்டர்நெட்டைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் ‘நல்லா இழுக்குது’ என்பார்கள். அவர்கள் வீடியோ பார்ப்பதை வைத்துச் சொல்கிறார்கள். உங்கள் வேலைக்குத் தேவை, இங்கிருந்து அனுப்புகிற வேகமும், பேச்சு விட்டுவிட்டுக் கேட்காத இணைப்பும். மெயின் ரோட்டோரம் ஃபைபர் வந்திருக்கலாம், தோட்டத்தின் உள் டிவிஷன் வரை வந்திருக்கிறதா என்பதை நேரில் கேட்டுத்தான் அறிய வேண்டும். இல்லையென்றால் 4ஜி. அதில் டவருக்கும் உங்கள் லயத்துக்கும் நடுவில் ஒரு மலை நின்றால் எந்தக் கம்பனி சிம் போட்டாலும் சிரமம்தான். ஆகவே போர்டிங்கை விடும் முன் ஒரு வாரம் லீவு போட்டு வீட்டுக்குப் போங்கள். இரண்டு மூன்று கம்பனிகளின் சிம்மை, உங்கள் வேலை நேரத்திலேயே, முக்கியமாக இரவு ஏழு முதல் ஒன்பது வரை சோதியுங்கள். ஊர் முழுக்க ஃபோனோடு உட்காரும் நேரம் அது. காம்பராவுக்குள் சிக்னல் இல்லாமல் வாசலில் இருந்தால், வெளியே மாட்டுகிற அன்டெனா உள்ள ரவுட்டர் உதவும். தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இருந்து இலங்கையில் இருக்கிறது. மலை மறைக்கிற இடத்துக்கு நல்ல தீர்வு, ஆனால் ஒருவர் சம்பளத்தில் எடுக்கச் சொல்லமாட்டேன். பக்கத்தில் இதேபோல வேலை செய்கிற நாலு பேர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

வானிலையையும் உங்கள் வேலை நேரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் மலையகத்தில் இடி மின்னல் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் வரும். நீங்கள் வேலைக்கு உட்காரும் நேரமும் அதுவே. இடி கேட்டதும் லெப்டொப்பையும் ரவுட்டரையும் ப்ளக்கில் இருந்து கழற்றிவிட்டு பற்றரியில் ஓட்டுங்கள். ரவுட்டருக்கென்றே சின்ன யூ.பி.எஸ். கடையில் கிடைக்கிறது, இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். பெரிய யூ.பி.எஸ்.ஸுக்கு இப்போதைக்குக் காசு போடாதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவக்காற்று. மரம் சாய்ந்து வயர் அறுந்தால் கரண்ட் வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தகரத்தில் மழை கொட்டும்போது நீங்கள் பேசுவதும் அந்தப் பக்கம் கேட்காது. சத்தத்தை வெட்டுகிற ஹெட்செட் ஒன்றைக் கம்பனியிடமே கேளுங்கள்.

2025 நவம்பரில் திட்வா புயல் வந்தபோது மலையகத்தில் பாதை, கரண்ட், ஃபோன் மூன்றும் ஒன்றாகப் போனது நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் வேலை செய்ய முடியாவிட்டால் அது லீவா, சம்பள வெட்டா, வேறு நாளில் ஈடுசெய்யலாமா? இடி விழுந்து கம்பனி லெப்டொப் போனால் யார் காசு? இரண்டையும் இணைப்புக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்து லயத்தைவிட்டு எழும்பச் சொன்னால், மீட்டிங்கை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள்.

வாடிக்கையாளரின் கணக்கு விவரம் உங்கள் வீட்டில் திறந்து கிடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இங்கிலாந்துச் சட்டம் இன்னும் கடுமை. கம்பனி லெப்டொப்பில் தம்பி படம் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டாரைச் சமாளிப்பது தனி வேலை. பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் அவள் சும்மா இருக்கிறாள் என்று நம் ஊர் நினைக்கும். மலையில் நின்றுவிட்டு அம்மா களைத்து வரும்போது நீங்கள் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பீர்கள். குசினிக்குப் போகவேண்டும் போலத் தோன்றும், போனால் வேலை கெடும். காலை எனக்கு, மாலை தம்பிக்கு என்று முதல் நாளே வீட்டு வேலையைப் பிரித்துவிடுங்கள். ஆண்பிள்ளை, ஏ.எல். படிக்கிறான் என்று விலக்கு கொடுக்க வேண்டாம். ஒரு சோறு வடிப்பதால் எந்தப் பாடமும் குறையாது. வாசலில் வந்து ‘வேலை போயிருச்சாம்மா?’ என்று கேட்கிற அக்கம்பக்கத்துக்கு அம்மாவையே பதில் சொல்லவிடுங்கள். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால் ஒன்றும் செய்ய முடியாது, அந்த நாட்களுக்கு முன்கூட்டியே லீவு போடுங்கள்.

அடுத்தது முன்னேற்றம். அதே சீட்ரிப் ஆய்வில், வீட்டிலிருந்தவர்களுக்கு அவர்கள் செய்த வேலைக்கு ஏற்ற பதவி உயர்வு கிடைக்கவில்லை. சோதனை முடிந்ததும் பலர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துச் செய்து 2024இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு. அதில் வேலையைவிட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. ஹட்டனில் இருந்து வாரா வாரம் போய்வருவது உங்களால் ஆகாது. ஆகவே மாதம் இரண்டு நாள் என்பதைச் சேர்ந்தாற்போல நாலு நாளாகக் கேளுங்கள். பழைய போர்டிங்கில் நாள் வாடகைக்குத் தங்க முடியுமா என்று பேசிவையுங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று மாதச் சோதனைக்காலம் என்று எழுதிக்கொண்டால், சரிவராவிட்டால் கொழும்புக்குத் திரும்புவதற்குக் கூச்சப்பட வேண்டியிருக்காது.

தம்பிக்கு வந்ததாகச் சொன்ன வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, முதலில் 5,000 ரூபாய் வைப்புச் செய்ய வேண்டும் என்பது. முதல் இரண்டு தடவை சின்னத் தொகை உண்மையாகவே வரும். அப்புறம் பெரிய தொகை கேட்டு வாங்கிக்கொண்டு காணாமல் போவார்கள். சம்பளம் தருகிறவர் வேலை செய்கிறவரிடம் முன்பணம் கேட்க மாட்டார். இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடச் சொல்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். அப்படியென்றால் அது பிரமிட் திட்டமாக இருக்கும். இலங்கையில் அது சட்டப்படி குற்றம், சேர்த்துவிட்டவரும் மாட்டுவார். அந்த நம்பரை பிளாக் பண்ணச் சொல்லுங்கள். அடையாள அட்டைப் படமோ வங்கிக் கணக்கு விவரமோ ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றைக்கே வங்கிக்கு அறிவித்துவிட்டு, பொலிஸில் ஒரு முறைப்பாடு போட்டுவையுங்கள்.