போரா? யார் சொன்னது?

கேள்வி: 'பிரைவேட்ஸ் ஆன் பரேட்' என்ற பழைய ஆங்கிலப் படம் பார்த்தேன். மலாயாப் போரில் சிப்பாய்களுக்கு ஆட்டம் பாட்டம் காட்டும் ராணுவக் கலைக்குழு. அதில் தன்பாலீர்ப்பாளர்களும் உண்டு. ஒரு கேப்டனே பெண் வேடம் கட்டுகிறார். படைவீரர்களை இப்படிக் கேலி செய்யலாமா?
- ஓய்வுபெற்ற சுபேதார், வேலூர்

பதில்: போர் என்கிறீர்களே சுபேதார் சார், அதை முதலில் பேசுவோம். 1948 ஜூனில் தொடங்கி 1960 வரை கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் நடுவே துப்பாக்கி வெடித்த மலாயாவில் போரே நடக்கவில்லை! பிரிட்டிஷ் அரசு அதற்கு 'அவசரநிலை' என்றுதான் பெயர் வைத்தது. போர் என்று சொல்லிவிட்டால், எரிந்துபோன ரப்பர் தோட்டத்துக்கு லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனி காசு தராதாம். அதனால்தான் என்று வெகுகாலமாகச் சொல்கிறார்கள். குண்டடிபட்டவன் எதில் செத்தான் என்று பாரத்தில் ஒரு கட்டம் இருந்திருக்கும். 'அவசரத்தில்' என்று டிக் அடித்திருப்பார்கள். இரண்டு சாட்சிக் கையெழுத்து, மூன்று நகல், கெசட்டட் அதிகாரி முத்திரை.

சரி, கேலிக்கு வருகிறேன். கதையை எழுதிய பீட்டர் நிக்கோல்ஸ் வெளியே நின்று நக்கலடித்தவர் அல்ல. சிங்கப்பூரில் அப்படியொரு குழுவிலேயே இருந்தவர். பின்னாளில் 'கேரி ஆன்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களில் கலக்கிய நடிகர் கென்னத் வில்லியம்ஸும் அங்கே சகா. 1977-ல் முதலில் நாடகமாக வந்தது. நீங்கள் சொன்ன கேப்டன், பெயர் டெரி. மேடையிலும் படத்திலும் அவராக நடித்தவர் டெனிஸ் குவில்லிதான். ஹாலிவுட் நடிகை மார்லின் டீட்ரிச்சாக அவர் வந்து நின்றால் சிரிப்பு அவர் கைக்குள் இருக்கிறது. மாட்டிக்கொண்டு முழிக்கிற கோமாளி மேஜர் ஃபிளாக். பைபிளும் கம்யூனிச பயமுமாகத் திரியும் அந்த மேஜராக வரும் ஜான் கிளீஸ், ஆட்டக்காரர்களைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகிறார். வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் பாதி இந்தியப் பெண்ணைக் கட்டிக்கொள்ள முன்வருவதோ நீங்கள் முகம் சுளித்த அந்தக் கேப்டன்!

உதட்டுச் சாயத்துக்குக் கைதட்டிய அதே ராணுவம், திரைக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் அகப்பட்டால் கோர்ட் மார்ஷல் செய்தது. 1967-ல் இங்கிலாந்தில் சட்டம் தளர்ந்தபோதும் படைவீரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. தன்பாலீர்ப்பாளர்கள் படையில் இருக்கக்கூடாது என்ற தடை நீங்க 2000 ஆயிற்று.

என் கோபம் வேறு. (பழைய பாட்டுதான், அலுத்தவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவலாம்.) மலாயாவைப் பற்றி வெள்ளைக்காரன் கதை பண்ணினால் காடு வரும், ஜின் மது வரும், மேஜர் வருவார். விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போன தமிழன் வரமாட்டான். தஞ்சைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4-ல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு இந்தப் படத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. நல்ல நகைச்சுவை என்பதற்காக அதை நான் விடப்போவதில்லை.

அப்புறம் சார், உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ரெஜிமென்டில் படாகானா (ராணுவ விருந்து) ராத்திரி நாடகத்தில் சேலை கட்டியது யார்? பெயர் வேண்டாம், ராங்க் போதும்.